‘நீங்கள் எதையாவது எடுத்ததுண்டா?’ வேலைக்கு முன் வரும் நேர்மைத் தேர்வு எதை அளக்கிறது?

‘வேலை செய்யும் இடத்திலிருந்து சின்னச் சின்னப் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போவது பெரிய தவறில்லை.’ இதற்கு ஒப்புக்கொள்கிறேன், ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்ற மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதும் அடுத்தது வந்துவிடும். ‘வாய்ப்புக் கிடைத்தால் பெரும்பாலோர் திருடத்தான் செய்வார்கள்.’ ‘என் வாழ்நாளில் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.’ ‘நண்பன் செய்த தவற்றை மேலாளரிடம் சொல்லமாட்டேன்.’ இப்படியே ஐம்பது, அறுபது, சில இடங்களில் நூறு கேள்விகள்கூட வரும்.

எஸ்பிஎம் முடித்த கையோடு பேரங்காடியில் காசாளர் வேலைக்கும், கிடங்கு வேலைக்கும், பாதுகாவலர் வேலைக்கும், வங்கி முகப்பிட வேலைக்கும் விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் இந்த மாதிரிக் கேள்விகளைச் சந்திக்க நேரிடலாம். ஆசிரியர் பயிற்சிக்காக மெட்சி தேர்வு எழுதியவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. ஆளுமை, தொழில் ஆர்வம், உணர்வுசார் நுண்ணறிவு ஆகியவற்றோடு நேர்மையும் அத்தேர்வில் ஒரு பகுதி. ஆனால் மெட்சி எழுதுகிறவர் அதற்கென்று தயாராகிப் போகிறார். காசாளர் வேலைக்குப் போகிற பிள்ளைக்கோ நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், “இதைச் செய்துவிட்டு உட்காருங்கள்” என்று ஒரு தட்டைக் கணினியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பிறகு அழைப்பு வருவதில்லை. காரணமும் சொல்லப்படுவதில்லை. வீட்டில்தான் பேச்சு தொடங்குகிறது. “அப்படி என்னத்தம்மா நான் எடுத்துட்டேன்? என்னைத் திருடன்னு நினைச்சுட்டாங்களா?” கணக்குப் பாடத்தில் தோற்றால் மறுபடி எழுதலாம். நேர்மையில் தோற்றுவிட்டாய் என்றால் அது குடும்பத்தின் பெயரோடு ஒட்டிக்கொள்கிற சொல்லாகிவிடுகிறது. தோட்டத்தில் ஒரு லயத்தில் சொன்னால் நாலு லயத்துக்குத் தெரியும்.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இந்தத் தேர்வில் தேறாதவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்களாகவே இருப்பார்கள். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இது கணக்கு. அந்தக் கணக்கைப் பிறகு போட்டுக் காட்டுகிறேன். முதலில் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு வகை

நேர்மைத் தேர்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று நேரடியானது. திருட்டு, பொய், விதிமீறல் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், முன்பு ஏதாவது செய்ததுண்டா என்று முகத்துக்கு நேராகக் கேட்கும். இரண்டாவது மறைமுகமானது. அதில் திருட்டு என்ற சொல்லே வராது. ‘தொடங்கிய வேலையை முடிக்காமல் விடமாட்டேன்’, ‘ஆபத்தான காரியங்கள் எனக்குப் பிடிக்கும்’, ‘பள்ளியில் ஆசிரியர்களோடு அடிக்கடி மோதினேன்’ என்பது போன்ற வரிகள் இருக்கும். பொறுப்பு, பொறுமை, கட்டுப்பாடு ஆகிய குணங்களை வைத்து, இவர் வேலையிடத்தில் சிக்கல் தருவாரா என்று ஊகிக்கிறது இந்த இரண்டாவது வகை.

நேரடி வகையின் அடிப்படை எளிமையானது. திருடுகிறவர் உலகத்தை ஒரு தனிக் கண்ணாடி வழியே பார்க்கிறார் என்று அதை உருவாக்கியவர்கள் நம்புகிறார்கள். எல்லாரும் திருடுகிறார்கள் என்று அவர் நினைப்பார். பிடிபட்டவர்மேல் இரக்கம் காட்டுவார், தண்டனை வேண்டாம் என்பார். திருட்டுக்கு ஏதாவது ஒரு நியாயம் வைத்திருப்பார். திருடும் எண்ணம் அடிக்கடி வந்து போவதாகவும் ஒப்புக்கொள்வார். இந்த எண்ணங்கள் ஒருவரிடம் எவ்வளவு கூடுதலாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு மதிப்பெண் இறங்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இரவில் செம்பனைக் குலைகள் லாரியேறிப் போன கதையை அவன் கேட்டிருக்கிறான். கிடங்கிலிருந்து உரமூட்டை காணாமல் போனதும், டிராக்டரின் டீசல் குறைந்ததும், எடைபோடும் இடத்தில் கணக்கு மாறியதும் அவனுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் ‘வேலையிடத்தில் எத்தனை பேர் திருடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் வைத்து ‘நிறையப் பேர்’ என்றுதான் சொல்வான். அவன் திருடியதில்லை, பார்த்திருக்கிறான், அவ்வளவே. ஆனால் மதிப்பெண் போடும் கருவிக்குப் பார்த்தவனுக்கும் செய்தவனுக்கும் வேறுபாடு தெரியாது. நல்ல குடியிருப்பில், திருட்டைச் செய்தித்தாளில் மட்டும் படித்து வளர்ந்த பிள்ளை அதே கேள்விக்கு ‘மிகச் சிலர்’ என்று தொட்டுவிட்டுப் போய்விடும்.

நண்பனைப் பற்றிய கேள்வியும் அப்படித்தான். கூட வேலை செய்கிறவனைக் காட்டிக் கொடுப்பதை நம் சமூகம் நல்ல குணமாக எண்ணியதில்லை. மண்டோரிடமும் கிராணியிடமும் போட்டுக்கொடுக்கிறவன் என்று பெயர் வாங்கியவனுக்குத் தோட்டத்தில் என்ன மரியாதை இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். கங்காணி காலத்திலிருந்து வந்த பாடம் அது. தொழிலாளியின் ஒற்றுமை ஒன்றுதான் அவனுக்கு இருந்த பாதுகாப்பு. நிறுவனமோ இதே குணத்தை வேறு கோணத்தில் பார்க்கிறது. ‘தவற்றைக் கண்டும் மூடி மறைப்பவர்’ என்று எழுதிக்கொள்கிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டைக் கணினியில் விளக்கம் எழுத இடமில்லை.

பொய் கண்டறியும் கருவிக்குப் பதிலாக

இந்தத் தேர்வுகள் பெருகிய இடம் அமெரிக்கா. அங்கே ஒரு காலத்தில் கடைகளும் வங்கிகளும் வேலைக்கு வருகிறவர்களைப் பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைத்தன. விரலிலும் மார்பிலும் கம்பிகளைக் கட்டி, இதயத் துடிப்பும் வியர்வையும் மாறுவதைப் பார்ப்பார்கள். பயத்தில் வியர்ப்பவரும் பொய் சொல்லி வியர்ப்பவரும் அதில் ஒன்றுபோல்தான் தெரிவார்கள். நிறையப் புகார்கள் எழுந்ததால், 1988-இல் ஒரு கூட்டரசுச் சட்டம் கொண்டுவந்து பெரும்பாலான தனியார் முதலாளிகள் அக்கருவியைப் பயன்படுத்துவதைத் தடை செய்தார்கள். கருவிக்குத் தடை வந்தது, காகிதத்துக்கு வரவில்லை. முன்பிருந்தே புழக்கத்தில் இருந்த எழுத்துத் தேர்வுகள் அதன்பின் இன்னும் வேகமாகப் பரவின. மாசசூசெட்ஸ் மாநிலம் மட்டும் விழித்துக்கொண்டு எழுத்துவழி நேர்மைத் தேர்வையும் தடைக்குள் கொண்டுவந்தது.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. இத்தேர்வுகள் நேர்மையற்றவர்களைக் கண்டுபிடிக்கும் என்பதை உறுதி செய்யவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை என்பதே அதன் சாரம். தோற்றவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு, பிறகு யார் திருடிப் பிடிபட்டார் என்று பின்தொடர்ந்த சில ஆய்வுகளையும் அந்த அலுவலகம் பார்த்தது. தேர்வில் தோற்றவர்களில் பெரும்பாலோர் பிடிபடவே இல்லை. பிடிபடாததாலேயே ஒருவர் திருடவில்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருட்டைப் பற்றி ஆய்வு செய்வதில் உள்ள பெரிய தொல்லையே அதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1993-இல், இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு வெளிவந்தது. டெனிஸ் ஒன்ஸ், சொக்கலிங்கம் விஸ்வேஸ்வரன், ஃபிராங்க் ஷ்மிட் ஆகிய மூவர் செய்தது. (நடுப்பெயரைப் பார்த்ததும் நம் வாசகர்கள் ஒரு கணம் நின்றிருப்பீர்கள். நானும் நின்றேன்.) அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி, 5 லட்சத்து 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றாக்கிக் கணக்கிட்டார்கள். தேர்வு மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.41 என்று வந்தது. தொடர்பே இல்லையென்றால் 0, அச்சாகப் பொருந்தினால் 1 என்பது இந்த அளவுகோல். ஆளை எடை போடும் கலையில் 0.41 என்பது நல்ல எண்தான். தேர்வு விற்கும் நிறுவனங்கள் நீண்ட காலம் இதைத்தான் காட்டி வந்தன.

ஆனால் 2012-இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்குப் போட்டபோது அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. அவர்கள் தரம் குறைந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட்டிருந்தார்கள். இன்னொன்றும் வெளிப்பட்டது. தேர்வைத் தயாரித்தவர்களே செய்த ஆய்வுகளில் எண் உயர்வாகவும், வெளியார் செய்த ஆய்வுகளில் தாழ்வாகவும் இருந்தது. தன் கடைத் தோசையை யார்தான் குறை சொல்வார்கள்? விவாதம் இன்னும் ஓயவில்லை. 2022-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு நேர்மைத் தேர்வுக்கு 0.31 கொடுத்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை முன்கூட்டியே முடிவு செய்து கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வுக்கு அதே ஆய்வு 0.42 கொடுத்தது. ஆக, நேர்மைத் தேர்வு வெறும் ஜோசியமும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை.

சொன்ன கணக்கு

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். புரிவதற்காக நான் போட்டுக்கொண்ட எண்கள்தான் இவை.

ஒரு நிறுவனத்துக்கு 200 பேர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் 20 பேர் பிற்காலத்தில் கையை நீட்டக்கூடியவர்கள், 180 பேர் நேர்மையானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு ஓரளவு நன்றாக வேலை செய்து அந்த 20 பேரில் 14 பேரைப் பிடித்துவிடுகிறது. அதே தேர்வு நேர்மையானவர்களில் நான்கில் ஒருவரைத் தவறாகத் தள்ளிவிடுகிறது. 180-இல் நான்கில் ஒரு பங்கு 45 பேர். தோற்றவர் மொத்தம் 59 பேர். அவர்களில் 45 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், எந்தத் தவறும் செய்யப் போகாதவர்கள்.

முதலாளி பக்கம் பாருங்கள். தேறியவர்கள் 141 பேர், அவர்களில் கைநீட்டப் போகிறவர்கள் 6 பேர்தான். தேர்வே வைக்காமல் எடுத்திருந்தால் நூற்றுக்குப் பத்துப் பேர் அப்படி இருந்திருப்பார்கள். இப்போது நூற்றுக்கு நான்கு பேர். முதலாளிக்கு உண்மையிலேயே இலாபம். அந்த இலாபத்தின் செலவை ஏற்றுக்கொண்டவர்கள் வாசலோடு திரும்பிய அந்த 45 பேர். அது அவர்களுக்கே தெரியாது. நிறுவனத்துக்கும் யார் அவர்கள் என்று தெரியாது. எடுக்காத ஆளைப் பற்றிப் பின்னால் யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே.

ஒரு நிறுவனம் இப்படித் தள்ளினால் அடுத்த நிறுவனத்துக்குப் போகலாம். ஒரே வட்டாரத்தில் உள்ள பல நிறுவனங்கள் ஒரே தேர்வை வாங்கிப் பயன்படுத்தினால், அதே 45 பேர் அங்கேயும் தள்ளப்படுவார்கள். எனக்கு இதில் கவலை தருவது அதுதான். தேர்வு தவறு செய்யும், யார்தான் செய்யவில்லை. ஆனால் ஒரே ஆள்மேல் ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால், அவருக்குக் கதவே இல்லாமல் போய்விடும்.

நம் நாட்டு நிலை

மலேசியாவில் நிறுவனங்கள் ஆட்களின் பின்னணியை முன்னைவிடக் கவனமாகப் பார்ப்பதற்குச் சட்டக் காரணமும் ஒன்று உண்டு. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இல் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் நிறுவனத்தின் நன்மைக்காக லஞ்சம் கொடுத்தால், நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரிடும். தண்டனையும் சின்னதல்ல. லஞ்சத் தொகையின் பத்து மடங்குக்குக் குறையாத அபராதம் அல்லது 10 லட்சம் ரிங்கிட், இரண்டில் எது அதிகமோ அது. இல்லாவிட்டால் 20 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். தவற்றைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்திருந்தோம் என்று காட்டினால்தான் நிறுவனம் தப்பிக்க முடியும். அந்த ஏற்பாடுகளில் ஒன்று, முக்கியப் பொறுப்புகளுக்கு வருகிறவர்களின் பின்னணியை ஆராய்வது. நேர்மைத் தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. காசாளருக்கும் கிடங்குப் பையனுக்கும் வைக்கச் சொல்லி எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கோப்பில் காட்ட ஒரு தாள் இருப்பது நிறுவனத்துக்கு வசதி.

விண்ணப்பதாரர் பக்கமும் ஒரு சட்டம் இருக்கிறது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. ஒருவரின் உடல், மனநலம், அரசியல் கருத்து, சமய நம்பிக்கை, அவர் செய்த அல்லது செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் ஆகியவை இச்சட்டத்தில் நுண்ணிய தரவுகள். இவற்றைக் கையாள, சில விலக்குகள் தவிர, உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். தேர்வின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் ‘செத்துஜு’ பொத்தான் அதற்குத்தான். நாம் படிக்காமல் அழுத்திவிடுகிறோம். கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். தனியார் நிறுவனமென்றால், அது உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவை எழுத்து வழியாகக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிறு கட்டணம் கேட்கலாம். பொதுவாக 21 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

எழுதப் போகிறவர்களுக்கு

முதல் ஆபத்து மொழி. இத்தேர்வுகளில் பல ஆங்கிலத்தில் உருவாகி மலாய்மொழிக்கு மாற்றப்பட்டவை. எதிர்மறைக்குள் எதிர்மறை வைத்து வாக்கியம் அமைத்திருப்பார்கள். ‘சிறிய தவற்றைத் தெரிவிக்காமல் இருப்பது சரியல்ல’ என்ற வரிக்கு ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்று அவசரத்தில் தொட்டால், தவற்றை மறைப்பது சரியென்று நீங்கள் சொன்னதாக ஆகிவிடும். இரண்டு முறை படியுங்கள். எந்த மொழி உங்களுக்கு நன்றாக வருமோ அதில் எழுத முடியுமா என்று தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். கேட்பதால் வேலை போய்விடாது.

அடுத்தது காவல் நிலையம் பற்றிய கேள்விகள். இங்கேதான் நம் பையன்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ‘டித்தாங்காப்’ என்றால் கைது செய்யப்பட்டது. ‘டிடாக்வா’ என்றால் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டது. ‘டிசாபிட்கான்’ என்றால் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்றும் வெவ்வேறு. திருவிழா முடிந்து திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக ஏற்றிப்போய், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு மறுநாள் விட்டுவிட்டார்கள் என்றால், குற்றத்தீர்ப்பைப் பற்றிய கேள்விக்குப் பதில் ‘இல்லை’. கைதைப் பற்றிய கேள்விக்குப் பதில் ‘ஆம்’. கேட்டது எதுவோ அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். கைது நடந்திருக்க இல்லையென்று எழுதி, வேலையில் சேர்ந்தபின் தெரியவந்தால், பழைய கைதைவிடப் புதிய பொய்தான் உங்கள் வேலைக்கு உலை வைக்கும்.

மூன்றாவது, தங்கம்போல் காட்டிக்கொள்ளும் ஆசை. ‘ஒரு பொய்கூடச் சொன்னதில்லை’, ‘யார்மேலும் கோபப்பட்டதே இல்லை’ என்ற வரிகள் நேர்மையை அளக்க வைத்தவை அல்ல. நீங்கள் பூசி மெழுகுகிறீர்களா என்று பார்க்க வைத்தவை. எல்லாவற்றுக்கும் ‘ஆம், நான் அப்படித்தான்’ என்று தொட்டுக்கொண்டே போனால், மற்ற பதில்களையும் நம்ப வேண்டாம் என்று குறித்துக்கொள்வார்கள். ஒரே கேள்வியை வேறு சொற்களில் இருபது கேள்வி தள்ளி மறுபடி கேட்பதும் அதற்காகத்தான்.

அப்படியானால் ‘எத்தனை பேர் திருடுவார்கள்’ என்ற கேள்விக்கு என்ன செய்வது? விடையை மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்லமாட்டேன். நேரடி வகைத் தேர்வில் சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண் கூடுகிறது என்பதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அதாவது சாமர்த்தியமான கள்ளன் தேறிவிடுவான். ஆனால் கேள்வி எதைத் தேடுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது ஊர் நிலவரத்தைக் கேட்கவில்லை, உங்கள் மனநிலையைக் கேட்கிறது. உங்களோடு படித்தவர்கள், உங்கள் வீட்டார், உங்களோடு வேலை செய்தவர்கள் என்று நேரில் பழகிய எல்லாரையும் எண்ணிப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். நாலு பேர் செய்த திருட்டைப் பற்றி நாற்பது பேர் பேசுவதால் நமக்கு அது பெரிதாகத் தெரிகிறது. மீதி முந்நூறு பேர் காலையில் வெட்டுக்குப் போய் மாலையில் வீடு திரும்பியதை யாரும் பேசுவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. தேர்வுக்குக் கட்டணம் என்று பணம் கேட்டாலோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ டிஏசி எண்ணையோ கேட்டாலோ அது வேலைத் தேர்வே அல்ல, மோசடி. புலனத்தில் வரும் இணைப்பைத் தொட்டு அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்பிவிட்டு விழிக்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு

உணவகம், மளிகை, நகைக்கடை, நாணய மாற்று, லாரிப் போக்குவரத்து என்று நம்மவர்களிலும் முதலாளிகள் நிறைய. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் நேர்மைத் தேர்வை வாங்கிப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. மேலே போட்ட கணக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குத்தான் பலன் தரும். ஆண்டுக்கு இரண்டு பேரை எடுப்பவருக்கு அதில் கிடைப்பது பொய்யான நிம்மதி.

நம்மிடம் ஏற்கனவே ஒரு வழக்கம் இருக்கிறது, தெரிந்தவர் சொல். கங்காணி தன் ஊரில் ஆள் பிடித்து அழைத்து வந்த காலத்திலும், 1938-இல் இந்திய அரசு அந்தக் குடியேற்றத்தை நிறுத்தியபின் தோட்டத்துக்குத் தோட்டம் ஆள் மாறிய காலத்திலும், ‘இவன் நல்ல பையன், நான் பொறுப்பு’ என்ற ஒரு வார்த்தைதான் நேர்மைச் சான்றிதழ். அதில் நன்மையும் உண்டு, அநியாயமும் உண்டு. கங்காணிக்குப் பிடிக்காதவனுக்கு வேலை இல்லை. யாரையும் தெரியாத பிள்ளைக்கு இன்றைக்கும் அதே கதிதான். அந்த வகையில், ஆளைத் தெரியாமல் மதிப்பெண் போடும் தேர்வு சிலருக்கு நல்லதுகூடச் செய்திருக்கலாம்.

சிறு முதலாளிக்கு உதவுவது வேறு. வருகிற எல்லாரிடமும் ஒரே ஐந்தாறு கேள்விகளைக் கேளுங்கள். ‘கல்லாவில் ஐம்பது வெள்ளி குறைந்தால் என்ன செய்வாய்? முன்பு அப்படி நடந்திருக்கிறதா? அப்போது என்ன செய்தாய்?’ என்று நடந்ததைக் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். முன்பு வேலை செய்த இடத்துக்கு, விண்ணப்பித்தவரின் சம்மதத்தோடு, ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். அதைவிட முக்கியம் உள்ளே செய்ய வேண்டிய ஏற்பாடு. கல்லாவை மூடும்போது இருவர் சேர்ந்து எண்ண வேண்டும். ரசீது இல்லாமல் விற்பனை கூடாது. சரக்கு வாங்குகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சம்பளம் ஏழாம் தேதிக்குள் கைக்குப் போய்விட வேண்டும். சம்பளத்தை இருபதாம் தேதிவரை இழுத்தடித்துவிட்டுப் பையன் கல்லாவில் கை வைத்தான் என்று புகார் செய்கிற கடைகளுக்கு எந்தத் தேர்வும் மருந்தில்லை.

தேர்வு வைத்தே தீருவேன் என்கிறவர்கள் மதிப்பெண்ணைக் கதவாக வைக்காமல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறைந்தவரைக் கூப்பிட்டு, எந்தப் பதிலால் குறைந்தது என்று பார்த்து, அதைப் பற்றிப் பேசுங்கள். ‘நிறையப் பேர் திருடுவார்கள்’ என்று தொட்டவரிடம் ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கேட்டால், எடைபோடும் இடத்தில் தான் பார்த்ததை அவர் சொல்லக்கூடும். களவு எப்படி நடக்கும் என்று தெரிந்த அந்தப் பிள்ளை உங்கள் கிடங்குக்குப் பொருத்தமான ஆளாகக்கூட இருக்கலாம்.

அழைப்பு வராமல் காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு வாரம் பொறுத்து, மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். என்ன தேர்வு, மறுபடி எழுத எவ்வளவு காலம் கழிய வேண்டும், என் தரவை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த விண்ணப்பத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.